வளர்கிற பிள்ளைக்குப் பெரிய சீட்டு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். கிளீனராக ஏறி ஐந்து லாரிக்கு முதலாளியானேன். நான் கயிறு போட்ட லோடு ஒன்றுகூட வழியில் சரிந்ததில்லை. அதனால் நான்கு வயதுப் பேத்திக்குக் கார் சீட்டு வாங்க யாரையும் கேட்காமல் நானே போனேன். வளர்கிற பிள்ளைதானே என்று, பாவாடையைப் பெரிதாகத் தைப்பதுபோல, பெரிய பிள்ளைகளுக்கான சீட்டாக எடுத்தேன். அதற்குத் தனி வார் கிடையாது. காரின் பெல்ட்டையே குறுக்கே போட வேண்டும்.

நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூருக்குக் கிளம்பினோம். கண்ணாடியில் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெல்ட் தோளில் நிற்காமல் பேத்தியின் கழுத்தை அறுத்தது. இரண்டு முறை வண்டியை ஓரங்கட்டிச் சரிசெய்தேன், திரும்பவும் ஏறியது.

“கழுத்துலயே வந்து நிக்குதுங்கப்பா,” என்றாள் பின்னால் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த மகள்.

“வளர்ற புள்ள. ஆறு மாசத்துல செரியாப் போயிரும்.”

“அதுவரைக்கும் பிரேக்கே புடிக்காம ஓட்டுவீங்களாக்கும்?”

வண்டியைத் திருப்பி மெதுவாகக் கடைக்கே ஓட்டினேன். இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் வார் உள்ள சீட்டுக்கு மாற்றினேன். வார் தோளுக்குச் சற்று மேலிருந்து இறங்க வேண்டும், விரலால் கிள்ளினால் மடியக் கூடாது என்றார் கடைக்காரர். அப்படியே இறுக்கினேன்.

“அப்புச்சி, ஆடவே முடியலீங்க!” என்றாள் பேத்தி.

“அதுக்குத்தான் சாமி.”

வேலூர் போய்ச் சேரும்வரை கண்ணாடியைப் பார்ப்பதை மட்டும் என்னால் நிறுத்த முடியவில்லை. வார் தோளிலேயே இருந்தது.