புல்லு மிசினுக்கு ஒரு பில் ஹூக்கு

மாமா அந்த மிசின வீட்டுக்கு கொண்டாந்த அன்னிக்கு, அத்த கேட்ட மொத கேள்வி: "இதுல எது முன்னாடி, எது பின்னாடி?" மாமா மிசின ஒரு சுத்து சுத்தி வந்தாரு. இன்னொரு சுத்தும் வந்தாரு. அப்பவே எனக்கு தெரிஞ்சிருக்கணும்.

மாமான்னா எங்கம்மாவோட தம்பி. மலேசியாவுல, தங்காக் டவுனுக்கு வெளிய, குனோங் லேடாங் மல தெரியிற எடத்துல பதினோரு மாடு வச்சிருக்காரு. அத்த பால் ஊத்துறாங்க. நான் ஸ்கூடாய்ல காடி, அதான் கார், கழுவுற கடையில வேல பாத்து, மொதலாளி தவுக்கே கூட வாய் பேசி, வேல போயி, கொஞ்ச நாளைக்குன்னு சொல்லி இவங்க வீட்டுக்கு வந்தவன். வந்து ரெண்டு வருசம் ஆச்சு.

மிசின் என்னான்னா, காஞ்ச புல்ல வாரி உள்ள இழுத்து, அமுக்கி, பெட்டி மாதிரி சதுரமாக்கி, ரெண்டு கயிறு சுத்தி முடிச்சு போட்டு, பின்னாடி தள்ளி விடும். மழக் காலத்துல ஈரப் புல்ல தின்னு மாட்டுக்கு வயிறு கெட்டுப் போவுது, அதனால வெயில் நேரத்துல காயவச்சு கட்டி வச்சுக்கலாம்னு மாமாவுக்கு ஐடியா. எங்கயோ மூடிப்போன மாட்டுப் பண்ண ஒன்னு ஏலம் விட்டாங்க, இவரு போயி கைய தூக்கிட்டாரு. எங்கப்பா வயசு இருக்கும் அந்த மிசினுக்கு. எங்கப்பாவ விட கொஞ்சம் கூடவே வேல செய்யும்.

ஆனா முடிச்சு போடாது. மத்த எல்லாம் செய்யும். சதுரமா ஒரு கட்டு வெளிய வரும், ரெண்டு செகண்டு ஜம்முனு நிக்கும், அப்பறம் அப்டியே சரிஞ்சு பழைய புல்லாவே ஆயிரும். கயிறு ரெண்டும் பக்கத்துல தனியா கெடக்கும், எனக்கும் இதுக்கும் ஒன்னும் இல்லப்பாங்கற மாதிரி. முடிச்சு போடுற எடத்துல ரெண்டு பக்கமும் மொட்டக் கம்பி தான் இருந்துச்சு. அங்க இருந்த சாமான யாரோ கழட்டி எடுத்துட்டு போயிட்டான்.

மூணு மாசம் மிசின் கொல்லையில நின்னுச்சு. அதுக்குள்ள ஒரு உடும்பு குடி வந்துருச்சு. வாடக இல்லாம. அது பாட்டுக்கு காலையில எறங்கி வந்து அத்தையோட கோழி முட்டைய தின்னுட்டு, திரும்ப ஏறி உள்ள போயி படுத்துக்கும். அத்தையும் எத்தன நாளு தான் பொறுப்பாங்க? ஒரு புதன்கெழம சோத்து தட்ட மாமா முன்னாடி வச்சுட்டு சொன்னாங்க.

"சனிக்கெழம காலையில பெசி பூரோக் லோரி வருது. பழைய இரும்பு எடுக்கறவன் கிட்ட போன் போட்டு பேசிட்டேன். அதுக்குள்ள என் கண்ணு முன்னாடி ஒரே ஒரு கட்டு, கட்டுனது கட்டுனபடி வெளிய வரட்டும். வந்துச்சுன்னா மிசின் இருக்கும். வரலன்னா லோரியில ஏறும்."

"என்னாமா நீ, சாமான் கெடைக்க வேணாமா?"

"உடும்பையும் சேத்து ஏத்தி விடுறேன். தொணைக்கு."

மாமா அன்னிக்கு சோறு ரெண்டாவது தடவ கேக்கல. மாமா ரெண்டாவது தடவ கேக்கலன்னா பெரிய துக்கம்னு அர்த்தம்.

சாப்புட்டு முடிச்சதும் மிசினோட வந்த புத்தகத்த எடுத்தாரு. படம் இருந்த பக்கம் பூரா கரையான் தின்னுருச்சு. பேரு லிஸ்ட் மட்டும் மிச்சம், அதுவும் இங்கிலீஸ்ல. எஸ்பிஎம் பரீட்சையில நான் பாஸ் பண்ணது தமிழும் மலாயும் தான். ஆனா மாமா வீட்ல நான் தான் இங்கிலீஸ் வாத்தியார். மொட்டக் கம்பி மேல, அங்க மாட்டுற சாமானோட நம்பர் குத்தியிருந்துச்சு. அந்த நம்பர லிஸ்ட்ல தேடி, வெரல வச்சு படிச்சேன்.

"பில் ஹூக்."

மாமா மொகம் அப்டியே மலந்துருச்சு. "பாத்தியா! வெள்ளக்காரனும் பில்லுன்னு தான் சொல்றான்!"

எனக்கு புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. எங்க மாமா புல்லுன்னு சொல்ல மாட்டாரு. அவரு வாயில அது எப்பவும் பில்லு தான். பில்லு வெட்டப் போறேன், பில்லு போட்டியா, பில்லு காஞ்சுருச்சா.

"மாமா, அது அந்த பில்லு இல்ல. கடையில சாப்புட்டா குடுப்பாங்களே, அந்த பில்லு."

"பில்லு கட்டுற மிசின்ல கட பில்லு எதுக்குடா வரப் போவுது? பில்லு ஹூக்கு. பில்ல புடிக்கிற ஹூக்கு. அருவாள தான் சொல்றான்."

"வெள்ளக்காரன் கணக்குல கெட்டி மாமா. ஒரு கட்டு வெளிய வந்தா ஒரு பில்லு குத்தி அனுப்புவான்."

"போடா, வாயப் பாரு."

நான் கிண்டலுக்கு தான் சொன்னேன். ஆனா சொல்ல சொல்ல எனக்கே உண்மையா தெரிய ஆரம்பிச்சுச்சு. அதான் என் வியாதி.

வியாழக்கெழம காலையில மாமா கட்சி மொதல்ல. புல்லு அறுக்கற அருவா ரெண்டு எடுத்து, ரெண்டு மொட்டக் கம்பியிலயும் கம்பி போட்டு இறுக்கி கட்டினாரு. புல்லு இழுக்கற பழைய டிராக்டர மிசின்ல மாட்டி ஸ்டார்ட் பண்ணினாரு. மிசின் ஒரு சுத்து சுத்துச்சு. ஒரு அருவா கயிற வெட்டுச்சு. இன்னொரு அருவா கெளம்பி போயி வாழ மரத்துல குத்தி நின்னுச்சு. ரெண்டு பேரும் எப்ப தரையில படுத்தோம்னு எங்களுக்கே தெரியாது. உடும்பு எறங்கி நடந்து போச்சு. ஓடக்கூட இல்ல. எங்கள ஒரு பார்வ பாத்துட்டு நடந்து போச்சு.

"சரி, உன் பில்ல பாப்போம்"னு மாமா படுத்தபடியே சொன்னாரு.

தங்காக் டவுன்ல நான் எப்பவும் ரொட்டி சானாய் திங்கிற நாசி கண்டார் சாப்பாட்டுக் கட. மொதலாளி தமிழ் முஸ்லிம், ராம்நாட்டு பக்கம் பூர்வீகம். கல்லா மேசையில ஒரு கட்டையில நீட்டமா கம்பி, அதுல பில்ல குத்தி குத்தி வச்சிருப்பாரு. நான் நேரா போயி அத காட்டினேன்.

"பாய், இந்த பில் ஹூக்கு எங்க வாங்குனீங்க?"

"எதுக்கு தம்பி? கட போடப் போறீங்களா?"

"இல்ல பாய், மாட்டுக்கு. புல்லு மிசின்ல மாட்டணும்."

அவரு கண்ணாடிய கழட்டி தொடச்சாரு. "புல்லுக்கு பில்லு போடுறீங்களா?"

"ஆமா."

"மாடு கட்டுமா?"

"மாட்ட நாங்க தான் பாய் கட்டுவோம்."

மாமா பின்னாடி இருந்து என் முதுகுல ஒரு குத்து விட்டாரு. பாய் சிரிக்கல. எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்தாரு, பாவம்னு தோணிருக்கும். கம்பியில இருந்த பில்ல எல்லாம் உருவி சட்டப் பையில வச்சுகிட்டு, கட்டையோட தூக்கி குடுத்துட்டாரு. உள்ள இருந்து இன்னொன்னும் எடுத்தாந்தாரு. காசு வாங்கல. "மாட்ட நல்லா பாத்துக்கங்க"ன்னு மட்டும் சொன்னாரு. மாட்டச் சொன்னாரா எங்களச் சொன்னாரான்னு இன்னும் தெரியாது.

அன்னிக்கு சாயங்காலம் அதையும் மாட்டி ஓட்டினோம். கட்டு வந்துச்சு. நின்னுச்சு. சரிஞ்சுச்சு. புல்லுக்கு நடுவுல ஒரு துண்டு பேப்பரு. கம்பியில ஒட்டிகிட்டு இருந்த பழைய பில்லு போல. ரொட்டி சானாய் ரெண்டு, தே ஓ டீ ஒன்னு. நாங்க குனியறதுக்குள்ள செவல மாடு அத தின்னுருச்சு.

அத்த அடுப்படி சன்னல் வழியா பாத்துகிட்டு இருந்தாங்க. "நல்லா இருக்கு. பில்லு வந்துருச்சு. இனி டேக்ஸ் மட்டும் தான் பாக்கி."

வெள்ளிக்கெழம மாமா வேன எடுத்தாரு. பத்து பாகாட் ஊர்ல டிராக்டர் சாமான் விக்கிற ஒரு பழைய கட இருக்குன்னு பால் வாங்குற ஆளு ஒருத்தரு சொன்னாரு. வேன்ல ஏர்கான் இல்ல. போற வழி பூரா மாமா ஸ்டியரிங்க கன்னுக்குட்டி கழுத்த தடவுற மாதிரி தடவிகிட்டே வந்தாரு.

கடையில சீன தவுக்கே ஒருத்தரு, எழுவது வயசுக்கு மேல, பனியனோட உக்காந்து பேப்பர் படிச்சுகிட்டு இருந்தாரு. போன்ல மொட்டக் கம்பி படத்த காட்டினேன். நம்பரையும் காட்டி, "பில் ஹூக், தவுக்கே"ன்னு சொன்னேன்.

"ஓ, பாரோ லா," அப்டின்னாரு. "பாரோ புரோங்."

மலாய்ல பாரோ புரோங்னா பறவையோட மூக்கு. எங்களுக்கு புரியலன்னு அவருக்கு தெரிஞ்சு போச்சு. எந்திரிச்சு வந்து, நான் போட்டிருந்த தொப்பி வச்ச சட்டையோட கழுத்துக் கயிறு ரெண்டையும் ஒரு கையில புடிச்சாரு. இன்னொரு கைய கோழி மூக்கு மாதிரி குவிச்சு, கயித்த அது மேல ஒரு சுத்து சுத்துனாரு, வாயத் தொறந்தாரு, கையோட வாய தான் சொல்றேன், கவ்வுனாரு, இழுத்தாரு. என் கழுத்துல முடிச்சு விழுந்துருச்சு. எனக்கு மூச்சு விழல.

"இங்கிலீஸ்ல பறவ மூக்குக்கும் பில்லுன்னு தான் பேரு"ன்னு மலாய்ல வெளக்கினாரு.

மாமா என்ன பாத்தாரு. நான் செவுத்துல தொங்குன காலண்டர பாத்தேன்.

"இருக்கா தவுக்கே?"ன்னு மாமா கேட்டாரு. அவ்ளோ மெதுவா அவரு பேசி நான் கேட்டதே இல்ல.

தவுக்கே தலைய ஆட்டினாரு. இந்த மிசினுக்கு சாமான் செய்யறத நிறுத்தி பல வருசம் ஆச்சு, எங்கயும் புதுசா கெடைக்காது. "சாரி பெசி பூரோக் லா." சாரின்னா தேடு; பழைய இரும்புல தேடிப் பாருன்னு அர்த்தம்.

அந்த ரெண்டு வார்த்தையும் மாமாவுக்கு எங்க குத்துச்சோ, நன்றி கூட சொல்லாம வேன்ல ஏறி உக்காந்துட்டாரு. "பெசி பூரோக்குக்கு போவாம இருக்கத்தானடா இவ்ளோ தூரம் வந்தேன்"னு மூவார் டவுன தாண்டினப்பறம் சொன்னாரு. கழுத்து முடிச்சு வீடு வந்து சேர்ற வரைக்கும் அவுக்க முடியல. அத்த தான் கத்திரி எடுத்து வெட்டுனாங்க. மிசின பத்தி ஒன்னும் கேக்கல. எங்க மூஞ்சில எழுதியிருந்துச்சு.

சனிக்கெழம எட்டு மணிக்கெல்லாம் லோரி வந்துருச்சு. ஓட்டிட்டு வந்தவரு நம்ம ஆளு தான், மீச வச்ச ஒரு அண்ணன். மாமா வெளிய வரல. மாட்டுக் கொட்டாய்ல ஏற்கனவே கழுவுன மாட்ட மறுபடியும் கழுவிகிட்டு இருந்தாரு. அத்த தான் கொல்லைக்கு கூட்டிட்டு போனாங்க.

லோரி அண்ணன் மிசின பாத்துட்டு தலைய சொறிஞ்சாரு. "அட, இதே மாதிரி ஒன்னு நம்ம யார்டுல கெடக்குது அக்கா. போன மாசம் தான் ஏத்திட்டு வந்தேன். என்னா எழவுன்னே தெரியாம வச்சிருக்கேன்."

கொட்டாய்ல பைப்பு தண்ணி சத்தம் நின்னுச்சு.

அடுத்து நான் பாத்தப்போ, மாமா லோரியோட முன் சீட்ல உக்காந்திருந்தாரு. கால்ல செருப்பு இல்ல. கையில மாடு கழுவுற பிரஸ்ஸு. "போலாம் தம்பி, போலாம், போலாம்!"

"நான் இத ஏத்த வந்தேன் அண்ணே!"

"மொத அத பாப்போம்!"

பத்தரைக்கு லோரி திரும்பி வந்துச்சு. மேல ஒரு மிசின் உக்காந்திருந்துச்சு. எங்கள்த விட துரு அதிகம், டயர் ஒன்னு இல்ல. ஆனா முடிச்சு போடுற எடத்துல ரெண்டு மூக்கு, ரெண்டும் முழுசா. லோரி அண்ணன் மூக்க மட்டும் தனியா குடுக்க மாட்டேன்னுட்டாராம். முழு மிசினா எடு, எடைக்கு எட இரும்பு குடுன்னுட்டாரு. மாமா குடுத்தாரு. பழைய தண்ணி தொட்டி, ஒடஞ்ச கேட்டு, ஓடாத பிரிட்ஜு. எட கொறஞ்சுச்சு. நான் படுக்கற இரும்புக் கட்டிலையும் தூக்கி போட்டாரு.

"மாமா, நான் எங்க படுக்கறது?"

"பில்லு கட்டு வரப் போவுதுல்ல? அது மேல படு."

மதியம் வெயில்ல மூக்கு ரெண்டையும் மாத்துனோம். மாமா ஒவ்வொரு போல்ட்டா எடுத்துக் குடுத்தாரு, ஸ்பானர நான் தான் புடிச்சேன். டிராக்டர் ஸ்டார்ட் ஆச்சு. அத்த இடுப்புல கைய வச்சு நின்னாங்க. லோரி அண்ணனும் போவாம நின்னாரு, நடக்கறது என்னான்னு பாக்கணுமாம். மிசின் புல்ல வாருச்சு, அமுக்குச்சு. அந்த ரெண்டு மூக்கும் சுத்தி, வாயத் தொறந்து, கவ்வி, தவுக்கே கையி மாதிரியே இழுத்துச்சு. கட்டு வெளிய வந்து விழுந்துச்சு.

நாங்க நாலு பேரும் அத பாத்துகிட்டே நின்னோம். ரெண்டு செகண்டு. மூணு. அஞ்சு. சரியல.

அத்த போயி கால்ல ஒரு ஒத ஒதச்சாங்க. அப்பறம் மேல ஏறி உக்காந்தாங்க. அப்பவும் சரியல. மாமா மூக்க உறிஞ்சுனாரு. தூசின்னு சொன்னாரு.

"சரி," அத்த கட்டு மேல உக்காந்தபடியே சொன்னாங்க. "சொன்ன சொல்லு சொல்லு தான். இது இருக்கட்டும். தம்பி, நீ அந்த மொட்ட மிசின ஏத்திட்டு கெளம்பு."

"ஐயோ, அதுல இன்னும் நெறைய சாமான் நல்லா இருக்கு!" மாமா ரெண்டாவது மிசின் முன்னாடி போயி கைய விரிச்சு நின்னாரு. "நாளைக்கு வேற ஏதாவது ஒடஞ்சா நான் எங்க போயி தேடுவேன்?"

அத்த லோரி அண்ணன பாத்தாங்க. அவரு என் கட்டில பாத்தாரு. "எட கணக்கு முடிஞ்சுருச்சு அக்கா"ன்னு சொல்லிட்டு லோரிய எடுத்துட்டு போயிட்டாரு. ஒன்ன ஏத்த வந்த லோரி ஒன்ன எறக்கிட்டு போயிருச்சு.

மறுநாள் காலையில பாத்தா, ரெண்டாவது மிசின் மேல முன்னாடி பின்னாடி தெரியாம துணி காயுது. கைலி, துண்டு, போர்வ, என் ஜீன்ஸு எல்லாம். அன்னிக்கு மட்டும் இல்ல, தெனமும். இப்பல்லாம் மாமாவுக்கு அதுல இருந்து ஒரு போல்ட்டு வேணும்னாலும், மொதல்ல அடுப்படி வாசல்ல போயி நின்னு அத்தைய கேக்கணும்.

"ஏம்மா, துணி காஞ்சுருச்சா?"

"இன்னும் ஈரமா இருக்கு"ன்னு உள்ள இருந்து பதில் வரும். நல்ல வெயில் அடிக்கிற நாள்ல கூட.