சிறைக்குப் போன வாத்தியார்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததும் வீட்டில் கதைத்ததும்தான் என் தமிழ். அதை வைத்துக்கொண்டு எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொன்றியலுக்கு வந்து இரண்டாவது வருடம். எனக்குப் பதினொரு வயது. எங்கள் அகதிக் கேஸ் விசாரணைக்கு வரவிருந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பா கேள்வி கேட்டுப் பதிலைப் பாடமாக்க வைப்பார்.

"அப்பாவுக்குச் சகோதரங்கள் எத்தினை பேர்?"

"ஒருத்தருமில்லை."

சித்தப்பா ஊரில் சிறையில் இருந்தார். அது தெரிந்தால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பா நம்பினார்.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். ஒருநாள் தன் நாட்டைப் பற்றிச் சொன்னார். அது தனி நாடாகவேண்டும் என்று சுவரில் எழுதியதற்காகத் தன்னை மூன்று கிழமை சிறையில் போட்டார்களாம். ஸ்கொட்லாந்தில் பார்த்துவந்த வாத்தியார் வேலையும் அதோடு போய்விட்டதாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெள்ளைக்காரரையும் பிடிப்பார்களா? அதுவும் வாத்தியாரை? வகுப்பில் வாயே திறக்காத நான் எழுந்து, "என் சித்தப்பாவும் அதுக்குத்தான் சிறையில் இருக்கிறார்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் வெளிறியது. "உட்கார்" என்றார்.

நான் வீட்டுக்குப் போகமுதலே என் வகுப்பில் படிக்கும் கீழ்வீட்டுப் பிள்ளை ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"என்னடி செய்துபோட்டு வந்து நிக்கிறாய்?" அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சப்பாத்தோடு நிலத்தில் இருந்துவிட்டார். "எல்லாம் போச்சு. இனிப் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்."

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாத்தியார். விசாரணைக்கென்று அப்பா கேட்டிருந்த நற்சான்றுக் கடிதம் கையில் இருந்தது. அப்பாவுக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்:

"உங்கள் மகள் நல்ல பிள்ளை. சரியான கூச்சம். இன்றைக்குக்கூட வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை."

நான் விறைத்துப்போனேன். பொய் சொன்னால் மூலையில் நிறுத்துகிறவர்! அப்பா அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி விடாமல் அழுதுகொண்டு நின்றார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ சேர்" என்று அம்மா தமிழிலேயே கெஞ்சினார். குடித்துவிட்டுத்தான் போனார்.

சிறைக்குப் பயப்படாத மனிதர் என் ஒரு வசனத்துக்குப் பயந்துவிட்டாரே என்று எனக்கு அவர்மேல் வெறுப்பாக இருந்தது. பொய் என்று தெரிந்தும் அப்பா ஏன் அழுதார் என்பதும் அந்த வயதில் விளங்கவில்லை.

மறுநாள் அவர் ஒன்றுமே நடக்காததுபோலச் சொல்வதெழுதல் வைத்தார். எனக்கு மூன்று பிழை.