தங்கை வாக்குக் கொடுத்த பூசணிக்காய்

என் தங்கையார் மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது கொஞ்ச நாள்தான். ஆனாலும் கிள்ளானில் இரண்டு மாட்டுவண்டியும் ஒரு லோரியும் என் பேரில் ஓடுகின்றன. அப்படிப்பட்டவனுக்கு இதை எழுதுவதா பெரிய வேலை?

தங்கையார் பிறந்தது கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில். அப்பாவும் அம்மாவும் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போனபோது அவர் சிறு பிள்ளை. அவரை வளர்த்து, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தது நான். ஒருவர் தயவும் கிடையாது. அவர்கள் குடியிருந்த ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் தங்கையார் போட்ட பூசணிக்கொடி அந்த வரிசைக்கே பேர்போனது. பாசாரில் விற்றதைவிடச் சும்மா கொடுத்தது அதிகம். காய் தருகிறேன் என்று சொன்னால் சொன்னதுதான்.

அந்த வாக்குதான் என்னைக் கொடிக்குள் இறக்கிவிட்டது. பக்கத்து வீட்டு நேசம்மா, மெதடிஸ்ட் கிறிஸ்தவ சபைக்காரர், மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். விருந்துக்கு வேண்டிய பூசணி முழுக்கத் தன் பொறுப்பு என்று தங்கையார் சொல்லிவிட்டார். சொன்ன கொஞ்ச நாளில் நோயில் படுத்துவிட்டார். காய் பிடிக்கிற நேரம் பார்த்து இலையெல்லாம் மாவு கொட்டினாற்போல் வெள்ளை. இலை காய்ந்தால் காய் வெம்பிப்போகும்.

"நான் பாத்துக்கறேன், நீ பேசாம படு" என்றேன், கிள்ளானிலிருந்து வந்து தங்கியிருந்த நான். ரப்பர் இலை நோவுக்குத் தூவும் கந்தகத் தூளை வாங்கிவந்து உச்சிவெயிலில் தூவப் போனேன். ஜன்னலில் தங்கையார் தலை தெரிந்தது.

"அண்ணே, வெயில்ல போடாதே! இலை வெந்துடும். முதல்ல புளிச்ச மோரைத் தண்ணியில கரைச்சுத் தெளி. அதுக்கு அடங்கலேன்னாதான் கந்தகம்."

சாயங்காலம் குளுமையில் மோரோடு போனேன். மறுபடி ஜன்னல்.

"அண்ணே, மோரைக் காலையிலதான் தெளிக்கணும். அதுக்கு வெயில் படணும்."

"மத்தியானம் வெயில் ஆகாதுன்னே. இப்ப வெயில் வேணுங்கறே. எதுதான் சரி?"

"அது கந்தகம், இது மோர். லோரி வாங்கத் தெரிஞ்ச ஆளுக்கு இது தெரியலையா?"

வாசலில் நின்ற மாப்பிள்ளை அடக்கமாட்டாமல் சிரித்தார். சரி, வெள்ளை இலைகளையாவது பறிப்போம் என்று கை வைத்தேன்.

"ஐயோ, அது பொறப்புலயே வெள்ளை! விரலால தேய்ச்சுப் பாரு. மாவு ஒட்டினா நோவு, ஒட்டலேன்னா அதோட நெறம். நோவு இலையையும் ஒரேயடியா மொட்டையடிச்சுடாதே, காய்க்கு நெழல் வேணும்."

இப்படி ஜன்னலில் அவர் சொல்ல, கீழே நான் செய்ய, கொடி பிழைத்தது. மோரா, கந்தகமா, பறித்ததா, இல்லை தானாகவே போனதா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஊரில் நான்தான் காப்பாற்றினேன் என்று சொல்லி வருகிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தங்கையார் கண்ணை மூடினார். கொடியில் காய் முற்றிக் கிடக்கிறது. சாவு வீட்டுக் காயைக் கல்யாண வீட்டுக்குக் கொடுக்கலாமா? எங்கள் வழக்கத்தில் ஆகாது. கொடுக்காவிட்டால் தங்கையார் வாக்கு என்ன ஆவது? மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எத்தனையோ பஞ்சாயத்தில் பேசியவன், கொடியையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

நேசம்மாவே சாக்கோடு வந்து நின்றார். "அண்ணே, எங்களுக்குத் தீட்டு கிடையாது. அவ காய் இல்லாம நான் பந்தி போடமாட்டேன். அறுத்துக் குடுங்க."

மாப்பிள்ளை அறுத்தார். நான் சாக்கைப் பிடித்தேன். சரியா தப்பா என்று இன்றும் தெரியவில்லை. கல்யாணத்தன்று வேலிக்கு மேலாக ஒரு சட்டி பூசணிக்கறி வந்தது. நானும் மாப்பிள்ளையும் அதைப் பகிர்ந்து சாப்பிட்டோம்.

மருந்துக்கு ஓடியவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், எங்களோடு உட்கார்ந்து அழுத குவாட்டர்ஸ் பெண்களுக்கும், அன்று சாக்கோடு வந்த நேசம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

தங்கையார் எடுத்துவைத்த விதையை மாப்பிள்ளை அதே இடத்தில் போட்டிருக்கிறார். போன வாரம் போயிருந்தேன். ஒரு இலையில் வெள்ளை. தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒட்டினாற்போலவும் இருந்தது, ஒட்டாதாற்போலவும் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, "இது எது தங்கச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த இலையை நான் பறிக்கவில்லை.