பெட்டி யாருடையது

போன செவ்வாய்க்கிழமை காலை, காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கைக்குப் போகிற சாலையில் போர்வை விற்கிற ஒருவரைச் சுற்றிக் கூட்டம் நின்றது. வடக்கேயிருந்து வந்தவர், தமிழ் அரைகுறை. சைக்கிளில் கட்டியிருந்த மூட்டையை இரண்டு பேர் கீழே இறக்கியிருந்தார்கள். குழந்தை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்று முந்தின நாள் முழுக்க எல்லார் போனிலும் ஒரு குரல் பதிவு சுற்றியது. எனக்கே மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர்.

"மூட்டை யார்துடா? உள்ள இன்னா வச்சிக்கினு கீறே?"

அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். நல்லவேளை, டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "யோவ், உடுங்கபா அவர! மாசாமாசம் வர்றவரு. என் ஊட்ல கீற போர்வையே இவராண்ட வாங்கினதுதான்." கூட்டம் கலைந்தது. ஒரு அடிகூட விழவில்லை. மொத்தமே ஐந்து நிமிஷம். ஆனால் என்னால் ஸ்கூட்டரைக் கிளப்ப முடியவில்லை. அந்த ஐந்து நிமிஷமும் நானும் வாயைத் திறக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எனக்குத் தொழில் ரத்தப் பரிசோதனை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நிலையம் வைத்திருக்கிறேன். அன்றைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய்க் கதவைத் திறந்தேன். மெத்தனால் வாசனை முகத்தில் அடித்தது. கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தீற்றிக் காயவைத்து, சாயம் போடுவதற்கு முன்னால் ஊற்றுவோமே, அதன் வாசனை. வேறு யாருக்கும் அது ஆஸ்பத்திரி நெடிதான். எனக்கு மட்டும் அதில் சோளமாவுக் கூழ் வேகிற மணமும் செம்மண் புழுதியும் கலந்திருக்கும்.

இருபத்தைந்து வயதில் நான் மிஷனரியாக இருந்தேன். சொன்னால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். கடல் தாண்டி வந்த யாரோ ஒருவர் அவர் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாராம். "இப்போ நம்ம முறை" என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னபோது, லேப் டெக்னீஷியன் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நான் கையைத் தூக்கிவிட்டேன். தூக்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். சபையில் வேறு ஒரு கைகூட மேலே இல்லை.

அம்மா பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்தார். கிளம்புகிற அன்று இட்லிப்பொடி டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"அங்க மனுஷங்க எப்டிமா இருப்பாங்க?"

"நம்மள மாதிரிதாம்மா."

"அப்ப நீ எதுக்குப் போவணும்?"

டப்பாவை வாங்கிப் பைக்குள் திணித்தேன்.

போன இடம் ஆப்பிரிக்காவில் மலாவி. ஆற்றோரக் கிராமம் ஒன்றில் தகரக் கூரை போட்ட மருத்துவமனை. மின்சாரம் கிடையாது. ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பை வைத்து, அதன் அடியிலிருக்கும் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துத்தான் பார்ப்பேன். மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். காய்ச்சல் பிள்ளைகளோடு தாய்மார் விடியும் முன்பே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். விரலில் ஒரு குத்து, கண்ணாடியில் ஒரு சொட்டு, மலேரியா உண்டா இல்லையா. இதுதான் என் ஊழியம். பிரசங்கம் எல்லாம் என்னால் முடியாது. ஒரே ஒரு தடவை பேசச் சொன்னார்கள். அந்த ஊர் பாஷையில் "கர்த்தர் நல்லவர்" என்று சொல்வதாக நினைத்து வேறு எதையோ சொன்னேன். மொத்தக் கூட்டமும் குலுங்கிச் சிரித்தது. என்ன சொன்னேன் என்று எஸ்நாத் கடைசிவரை எனக்குச் சொல்லவே இல்லை.

எஸ்நாத் அங்கே நர்ஸ், அந்தப் பக்கத்துப் பெண். என் வயதுதான். நம் பைபிளில் யோசேப்பின் மனைவி ஆஸ்நாத்து என்று வருவாளே, அதே பெயர். மெலிந்த உயரமான உடம்பு, வெடுக்கென்று பேசுகிற வாய். எனக்குப் பாஷை கற்றுக்கொடுத்தவள் அவள்தான். ஒரு வார்த்தை தப்பினால் எனக்கு மத்தியானச் சாப்பாட்டில் குழம்பு கிடையாது, வெறும் கூழ்க்கட்டிதான் என்று விதி போட்டிருந்தாள். எட்டு மாதத்தில் நான் சரளமாகவே பேசினேன். நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது மட்டும் ஆங்கிலம்.

அந்த எட்டாவது மாதத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. யாரோ ஊர் ஊராகப் போய் மனிதர்களின் ரத்தத்தைத் திருடுகிறார்கள், வெளிநாட்டுக்கு விற்கிறார்கள் என்று. முதலில் சந்தையில் பேசிக்கொண்டார்கள். அப்புறம் ரேடியோவில் யாரோ மறுத்தார்கள். மறுத்ததாலேயே உண்மையாக இருக்கும் என்று ஆயிற்று. ஆப்பிரிக்காக்காரர்கள் அப்படித்தான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நம் ஓரிக்கைச் சாலையில் நின்றவர்களில் ஒருவர் பேங்க் மேனேஜர்.

என் வேலையை யோசித்துப் பாருங்கள். வெளிநாட்டுக்காரி. தினமும் பிள்ளைகளின் விரலைக் குத்துகிறவள். நாற்பது பேர் இருந்த வரிசை பத்தாகச் சுருங்கிற்று. தெருவில் என்னைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகளைத் தாய்மார் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். தலைநகரிலிருந்த மிஷன் பொறுப்பாளர், வெளியூர் போகவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

ஆனால் வாராவாரம் ஆற்றைத் தாண்டி ஒரு ஊருக்கு நாங்கள் போவது வழக்கம். அங்கே அந்த வாரம் காய்ச்சல் கடுமையாக இருந்தது.

"பேச்சு அடங்குகிறவரை காய்ச்சல் காத்திருக்குமா?" என்றாள் எஸ்நாத். "நீ வேண்டுமானால் இரு. நான் போகிறேன்."

அவளுக்குக் குத்தி எடுக்கத் தெரியும்தான். இருந்தாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நானும் கிளம்பினேன்.

அந்த ஊர்த் தாய்மார் எங்களை நம்பினார்கள். முப்பது பிள்ளைகளுக்கு எடுத்திருப்போம். கண்ணாடித் துண்டுகளைக் காயவைத்து, மரப்பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி, பெயர்ப் பட்டியலையும் உள்ளே வைத்தேன். ஊசி, பஞ்சு, எல்லாம் அதற்குள்தான். மைக்ராஸ்கோப் எங்கள் ஊரில் இருந்ததால் அங்கே போய்ப் பார்த்து, மறுநாள் மாத்திரை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தோம். பெட்டி என்னுடையது. காஞ்சிபுரத்தில் தச்சரிடம் சொல்லிச் செய்து நான் கொண்டுபோனது. ஆனால் மணலில் சைக்கிள் ஓட்டத் தெரியாமல் நான் அடிக்கடி விழுவேன் என்பதால், அதை எஸ்நாத் தன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொள்வாள்.

திரும்பும்போது உச்சி வெயில். வழியில் இருக்கிற இன்னொரு ஊர் எல்லையில் பாதையின் குறுக்கே மரம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். பதினைந்து பேர். கையில் கம்பு, மண்வெட்டி, ஒருவரிடம் சைக்கிள் செயின். அதில் ஒருவர் மனைவிக்கு எஸ்நாத்தான் பிரசவம் பார்த்தாள். அவர் எங்களைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பெட்டியை இறக்கித் திறந்தார்கள். ஒருவர் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து வெயிலில் பிடித்தார். காய்ந்த சிவப்புப் பொட்டு. "ரத்தம்" என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். அடுத்தவர் சத்தமாகச் சொன்னார். பிறகு எல்லாரும் கத்தினார்கள்.

சைக்கிள் செயின் வைத்திருந்தவர் என் முகத்துக்கு நேரே வந்து நின்று கேட்டார். "இந்தப் பெட்டி யாருடையது?"

ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. பதிலும் நாக்கு நுனியில் இருந்தது. 'ந்தி லங்கா.' என்னுடையது. இரண்டே வார்த்தை. நான் என்ன செய்தேன் தெரியுமா? புரியாதவள் மாதிரி கண்ணைச் சிமிட்டி, உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டினேன். உங்கள் பாஷை எனக்குத் தெரியாது என்று கையால் ஜாடை காட்டினேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. உடம்பு தானாகச் செய்தது. தானாகத்தான் செய்தது என்று எனக்கு நானே இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

எஸ்நாத் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. வியப்பு. அப்புறம் அவரிடம் சொன்னாள். "ந்தி லங்கா."

பெட்டி மூடியாலேயே அவள் முகத்தில் அடித்தார். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கண்ணாடித் துண்டுகளைக் கொட்டிக் காலால் நொறுக்கினார்கள். பட்டியலைக் கிழித்தார்கள். எஸ்நாத்தின் கையைப் பின்னால் கட்டி வெயிலில் உட்காரவைத்தார்கள். என்னை ஒரு மரத்து நிழலில் உட்காரச் சொல்லி, ஒருத்தி குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தாள். வெளிநாட்டுக்காரி, ஒன்றும் தெரியாதவள், உள்ளூர்க்காரிதான் இவளை ஏமாற்றிக் கூட்டி வந்திருக்கிறாள் என்று அவர்கள் பேசிக்கொண்டதும் எனக்குப் புரிந்தது. தண்ணீரைக் குடித்தேன். பெட்ரோல் வாங்கிவர ஒருவரை அனுப்பலாமா என்று பேச்சு எழுந்தபோதும் குடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஜெபம் வரவில்லை. கர்த்தாவே என்கிற ஒரு சொல்லுக்கு மேல் எதுவும் வரவில்லை.

இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அந்த ஊர்த் தலைவி வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. பக்கத்து ஊர்ச் சாவுக்குப் போயிருந்தவருக்கு யாரோ ஆள் அனுப்பியிருக்கிறார்கள். எஸ்நாத்திடம் எதுவும் கேட்கவில்லை. உடைந்து கிடந்ததைக் குனிந்து பார்த்தார். நேராக என்னிடம் வந்து, குழந்தையிடம் பேசுவது மாதிரி நிறுத்தி நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டார்.

நான் எழுந்து நின்றேன். "ந்தி லங்கா" என்றேன்.

"இவளுக்குப் பேசத் தெரிகிறது!" என்று யாரோ அலற, எல்லாரும் என் பக்கம் பாய்ந்தார்கள். தலைவி கையை உயர்த்தித் தடுத்தார். பெட்டி எதற்கு என்று கேட்டார். சொன்னேன். காய்ச்சல், கொசு, விரல், மைக்ராஸ்கோப், மாத்திரை. இலக்கணம் எல்லாம் சிதறிப்போய் வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் தன் பேரனுக்கும் இப்படித்தான் எடுத்தார்கள் என்று தலைவி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எஸ்நாத்தின் கைக்கட்டை அவிழ்க்கச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எவ்வளவு நாளாக எங்கள் பாஷை தெரியும்?"

"எட்டு மாதமாக."

எஸ்நாத்தின் புருவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போங்கள்" என்றார்.

ஆற்றங்கரையில் சைக்கிள்களை நிறுத்தினோம். அவள் குனிந்து முகத்தைக் கழுவினாள். நான் அழுதுகொண்டே ஏதேதோ சொன்னேன். தண்ணீரைப் பார்த்தபடியே அவள் சொன்னாள். "எனக்கும் பயம்தான். நீ பாஸ்போர்ட் வைத்திருக்கிறாய். நான் இந்த வழியாகத்தான் என் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும்."

மறுநாளே, தையல் போட்ட புருவத்தோடு அவள் ஆட்களிடம் சொல்லி அனுப்பி, அக்கரைப் பிள்ளைகளை எங்கள் மருத்துவமனைக்கு வரவழைத்தாள். பெரும்பாலோர் வந்தார்கள். வராதவர்கள் யார் என்று பார்க்கப் பட்டியல் இல்லை. அவர்கள் பிழைத்தார்களா என்று நான் இன்றைக்கும் அறியேன். அடுத்த மாதம் எஸ்நாத் வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள்.

நான் இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். வழியை மறித்தார்கள், பெட்டியை உடைத்தார்கள், கர்த்தர் ஒரு பெண்மணியை அனுப்பிக் காப்பாற்றினார். எல்லாம் உண்மை. நடுவில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். முன்வரிசையில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வாலாஜாபாத்தில் சொன்னேன், பக்கத்துச் சபைகளில் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதை வழவழப்பாயிற்று. எங்கே நிறுத்தினால் ஜனங்கள் அழுவார்கள் என்பது எனக்கே பழகிவிட்டது.

தென்னேரிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் கூட்டத்தில், ஏனோ தெரியவில்லை, விட்டதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். யாரும் அழவில்லை. ஜெபம் பண்ணவேண்டிய அம்மாள் தொண்டையைச் செருமினார். அதற்கப்புறம் எந்தச் சபையும் என்னைக் கூப்பிடவில்லை. அம்மா காதுக்கும் போயிருக்கிறது. சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா மாத்திச் சொல்றே? மொதல்ல சொன்னது நல்லாத்தான இருந்துது?"

"இதாம்மா நடந்துது."

"அதுக்கின்னா இப்ப? பயத்துல வாய் அடைச்சிப்போச்சி. அத்த போயி மைக்குல சொல்லுவியா?"

அவர் கடைசிவரை பழைய கதையைத்தான் எல்லாரிடமும் சொன்னார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரிக்கும் சொன்னார். நான் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. சபைச் சுவரில் ஒரு ஆப்பிரிக்கா வரைபடம் இருந்தது. நான் இருந்த இடத்தில் அம்மா தன் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்திருந்தார். டைல்ஸ் போட்டபோது படத்தைக் கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. மிஷன் அந்த ஊரைவிட்டு வந்துவிட்டது. தகரக் கூரை மருத்துவமனை இருந்த இடத்தில் இப்போது சோளம் விளைகிறதாம். அந்தப் பாஷையும் என்னிடமிருந்து உதிர்ந்துவிட்டது. பாட்டுகளில் மெட்டு இருக்கிறது, வார்த்தை இல்லை.

ஊர் திரும்பிய வருஷம் எஸ்நாத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மழை, சபை, வேலை என்று நலம் விசாரித்து. பதில் வந்தது. "புருவம் ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது. இங்கே வேலை அதிகம்" என்று மூன்று வரி. தென்னேரிக் கூட்டத்துக்குப் பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்து, மன்னித்துவிடு என்று எழுதினேன். ஆறு பக்கம். அதற்குப் பதில் இல்லை. அது அவள் கையில் சேர்ந்ததா என்பதே தெரியாது. போன வருஷம் அந்தப் பக்கம் போன ஒருவரிடம் அவளைப் பற்றி விசாரித்துவரச் சொன்னேன். அவள் மாற்றலாகிப் போன ஆஸ்பத்திரியை மூடியே வெகுநாள் ஆகிறது, அங்கே வேலை செய்தவர்களைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இல்லை என்றார்.