உமிக் களத்தில் பழகிய கால்

மண்ணச்சநல்லூரில் எங்களுக்கு அரிசி ஆலை, ஸ்ரீரங்கத்தில் வீடு. இரண்டுக்கும் நடுவே, எவ்வித நியாயமும் இல்லாமல், ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரும் என்னிடம் இருந்தது. எங்கள் தெரு வேகத்தடை ஒவ்வொன்றிலும் அதன் அடிவயிறு இடிக்கும். விற்றுவிடச் சொல்லி என் மனைவி இரண்டு வருடம் நச்சரித்தாள். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். வெளியூரில் ஒரு பழைய விமான ஓடுதளத்தில் நடக்கவிருந்த டிராக் ரேஸ் என்ற நேர்கோட்டுப் பந்தயத்தில், நின்ற இடத்திலிருந்து கால் மைலைப் பதினாலு நொடிக்குள் ஓட்டினால் கார் தங்கும், இல்லாவிட்டால் விற்பது. விற்பதற்கு முன் நீயும் ஒருமுறை ஓட்டிப் பார் என்று அவள் பெயரையும் பதிவு செய்தேன். ஒரு பேச்சுக்குத்தான்.

இந்தப் பந்தயத்தில் முதல் அறுபது அடியில் விட்டதை மீதியில் பிடிக்க முடியாது. அதனால் கிளம்புவதை மட்டும் ஆலையின் நெல் காயப்போடும் களத்தில் மாதக்கணக்கில் பழகினேன். எவ்வளவு கூட்டினாலும் அந்த சிமெண்டில் உமித்தூசி மிச்சமிருக்கும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றில் எஞ்சினை வைத்து, கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன்.

ஓடுதளத்தில் கிளம்பும் இடத்தில் பசை தெளித்திருந்தார்கள். அதன்மேல் முந்தைய வண்டிகளின் ரப்பர் கறுப்பாகப் படிந்து, வெயிலில் இளகிக் கிடந்தது.

"செருப்பு ஒட்டுதுங்க," என்றாள் மனைவி.

எனக்கும் ஒட்டியது. இங்கே சக்கரம் வழுக்காது, எஞ்சினை முறுக்கிவைத்து கிளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும் என்பது மூளைக்குத் தெரியும். இடது காலுக்குத் தெரியவில்லை. களத்தில் விடுவதுபோலவே மெதுவாக விட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, மூச்சு வாங்கிக்கொண்டு நகர்ந்தது. பதினாலு புள்ளி ஆறு. இரண்டாவது ஓட்டத்தில் நாலாயிரம் சுற்று வரை ஏற்றியும் கால் அதே மரியாதையைக் காட்டியது. பதினாலு புள்ளி மூன்று. எனக்கு அவ்வளவுதான் வாய்ப்பு.

அடுத்து அவள் முறை. அவள் துறையூரில் உள்ள வங்கிக் கிளைக்குத் தினமும் கார் ஓட்டிப் போகிறவள். எஞ்சினை அலறவிட்டு, கிளட்ச்சைப் பட்டென்று விடுவது அவள் வழக்கம். "கிளட்ச்சைப் பார்த்து விடு" என்று இருபது வருடமாகச் சொல்லிவருகிறேன். அன்றைக்கும் அப்படியே விட்டாள். சக்கரம் ஒரு கீச்சுச் சத்தம் போட்டது, வண்டியின் மூக்கு தூக்கியது, போய்விட்டாள். பதிமூன்று புள்ளி எட்டு.

எனக்குப் பொறாமையாக இருந்தது. கைதட்டினேன், ஆனால் பொறாமைதான் முதலில் வந்தது.

மறுநாள், காரைக் கேட்டிருந்த கரூர்க்காரர் போன் செய்தார். விலை பேசுவதெல்லாம் அவள்தான் என்பதால், வழக்கம்போல போனை அவளிடம் கொடுத்தேன்.

"வண்டி கொடுக்கிறதா இல்லைங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"நான் பதினாலுக்குள்ள வரலையே," என்றேன்.

"நீங்க வரலை," என்றாள்.

சாவி அன்றிலிருந்து அவள் கைப்பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வாங்குகிறேன். கொடுக்கும்போதெல்லாம், முகத்தில் சிரிப்பே இல்லாமல், ஒன்று சொல்வாள்:

"கிளட்ச்சைப் பார்த்து விடுங்க."