‘பாப்பம்’ என்ற சொல்லும் எங்கள் வீட்டுப் பொயிலரும்

கவுன்சில் அதிகாரி வந்த அன்று நான் மீன் பொரித்திருக்கக் கூடாது. பின்னேரம்தான் வருவார் என்று நினைத்திருந்தேன். காலையிலேயே வந்துவிட்டார். குசினி யன்னலை அகலத் திறந்துவிட்டு, துவாயால் மணத்தை வெளியே விசிறிக்கொண்டிருந்தபோது கதவு மணி அடித்தது. உள்ளே வந்தவர் மணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திறந்திருந்த யன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின்வளவுக்குப் போய், வீட்டைச் சூடாக்கும் எங்கள் புதுப் பொயிலரின் புகைக்குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தைக் குனிந்து பார்த்தார். அது யன்னலுக்கு நேர் கீழே இருந்தது.

“இந்த யன்னலை அடிக்கடி திறப்பீர்களா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கையில் துவாய் இருந்தது.

பொயிலர் எரியும்போது வருகிற புகை அந்த யன்னல் வழியாக வீட்டுக்குள் வரும் என்றும், அதில் மணமே இல்லாத ஒரு நஞ்சு இருக்கிறது என்றும் அவர் மெதுவாக விளங்கப்படுத்தினார். பொயிலர் பொருத்திய வேலை சோதனையில் தேறவில்லை. பொயிலரின் முகப்பில் சிவப்பு அட்டை ஒன்றை ஒட்டினார். குழாயை இடம் மாற்றும்வரை அதைப் பற்றவைக்கக் கூடாது.

யன்னல் பூட்டியிருந்தால் அவர் கவனித்திருக்க மாட்டாரோ என்று பிறகு பல நாட்கள் யோசித்தேன். அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அதற்குப் பிறகு யோசித்து, முதலில் யோசித்ததற்காக வெட்கப்பட்டேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய வீடுகளில் ஒன்று எங்களுடையது. முன்னறையில் ஒரு காஸ் ஹீட்டர் மட்டும் இருந்தது. மற்ற அறைகளில் சுவர் வியர்த்தது. ஒரு வயது நிரம்பாத மகளுக்கு முட்டு, மூச்சிழுப்பு. குளிர் தொடங்கினால் நெஞ்சு விசிலடிக்கும். பிள்ளை இருக்கும் அறைகள் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு குளிர்காலமும் ஆஸ்பத்திரியில்தான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வீடு வீடாக வந்து குழந்தைகளைப் பார்க்கும் நேர்ஸ்தான், வீட்டைச் சூடாக்கக் கவுன்சில் கிராண்ட் என்று பண உதவி தருவதைப் பற்றிச் சொன்னாள். விண்ணப்பித்தோம். கிடைத்தது. வேலையைக் கவுன்சில் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் கொன்ராக்டருக்குப் பணம் போகும்.

கொன்ராக்டர் எங்கள் ஆள். யாழ்ப்பாணத்தார், என் கணவருக்குக் கோயிலில் பழக்கம். கவுன்சிலின் பட்டியலில் பெயர் இருந்த ஒரே தமிழர் என்பதில் எங்கள் எல்லோருக்கும் ஒரு பெருமை இருந்தது. ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட்ட ஒருவரிடம் ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பழைய ஹீட்டரைக் கழற்றிக் கொண்டுபோய் எறிந்திருந்தார். ஆகவே சிவப்பு அட்டை விழுந்த அன்று எங்கள் வீட்டில் சூடு என்று ஒன்றும் இருக்கவில்லை.

அன்றைக்கு அதிகாரி நிற்கும்போதே, கொஞ்சம் பிந்தித்தான் அண்ணை வந்தார். நல்ல கோட் போட்டு, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். அட்டையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“என்னவாம் தங்கச்சி?”

“குழாய் யன்னலுக்குக் கிட்டவாம் அண்ணை. மாத்தட்டாம்.”

“யன்னலுக்கு நாலு ஆணி அடிச்சு விட்டாச் சரிதானே? குளிர் நாட்டில யன்னல் என்னத்துக்கு?” மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். “ஓ, மீன் பொரிக்கவோ?”

என்ன பகிடி என்று கேட்பதுபோல அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

மொழிபெயர்ப்பு எனக்குப் புதிதல்ல. ஊரில் படித்து, கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவள். இங்கே வந்தபிறகு டொக்டரிடமும் பாடசாலையிலும் தெரிந்தவர்களுக்காகப் பேசிப் பழகியிருந்தேன். அவர்கள் கோபத்தில் சொல்வதை நான் கோபமில்லாமல் சொல்வேன். அழுது சொல்வதை அழாமல் சொல்வேன். நல்ல பிள்ளை, வடிவாகக் கதைக்கும் என்பார்கள். அது ஒரு பிழையாக இருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

“குழாயை மாற்றித் தருவாரா என்று கேளுங்கள்,” என்றார் அதிகாரி.

கேட்டேன். அண்ணை பின்வளவுக்குப் போய், சுவரைத் தட்டிப் பார்த்து, திரும்பி வந்தார்.

“பாப்பம், தங்கச்சி.”

“பார்த்துக்கொள்வார்,” என்று அதிகாரியிடம் இங்கிலீஷில் சொன்னேன்.

“இரண்டு கிழமைக்குள்?”

“ரெண்டு கிழமைக்குள்ள ஏலுமோ அண்ணை?”

“பாப்பம் எண்டு சொல்லுங்கோவன்.”

“செய்வாராம்,” என்றேன்.

அதிகாரி மகிழ்ச்சியோடு கையை நீட்டினார். அண்ணையும் மகிழ்ச்சியோடு குலுக்கினார். ஒருவர் ஒரு வாக்கைப் பெற்றுக்கொண்டார். மற்றவர் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. நடுவில் நின்ற எனக்கு, எல்லாம் நல்லபடி முடிந்தது என்ற நிம்மதி.

பார்ப்போம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? கலியாணத்துக்கு வருவீர்களா என்றால் பாப்பம். கைமாற்றுக் கேட்டால் பாப்பம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லி ஒருவரை நோகடிக்காமல் இருக்க நாங்கள் எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறோம். கேட்டவரும் மேற்கொண்டு கேட்கமாட்டார். என் அம்மாவிடமிருந்து வந்திருந்தால் அந்தக் கணமே அதன் பொருள் விளங்கியிருக்கும். ஆனால் அன்று அது என் காதில் தமிழாக விழுந்து, வாயால் வரும்போது வேறொன்றாகிவிட்டது. எனக்குத் தேவையான பொருளை நானே அதற்குக் கொடுத்துவிட்டேனா? இன்றுவரை நிச்சயமில்லை.

முதல் கிழமை போயிற்று. ரெலிபோன் எடுத்தால் அண்ணையின் மனைவிதான் எடுப்பார். “அவர் வேலைக்குப் போட்டார் பிள்ளை. வந்த உடன சொல்லுறன்.” பின்னால் அண்ணை இருமுவது கேட்கும். இருவரும் அந்த இருமலைக் கேட்காதவர்கள் மாதிரி, பிள்ளை எப்படி, நித்திரை கொள்ளுதோ என்று கதைத்துவிட்டு வைப்போம்.

பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்த கணவரிடம் முறையிட்டேன்.

“நீங்கள் ஒருக்கால் கடுமையாக் கதையுங்கோ.”

“எப்பிடிக் கதைக்கிறது? வெள்ளிக்கிழமை கோயில்ல பக்கத்தில நிண்டு சுவாமி தூக்கிற மனுசன்.”

“பிள்ளைக்கு நெஞ்சு இழுக்குது.”

“தெரியும். அதுக்காக எங்கட ஆளைக் கவுன்சிலிட்டக் காட்டிக் குடுக்கிறதோ?”

காட்டிக் கொடுப்பது. அந்தச் சொல்லுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் மேலே பேசமுடியாது. அதிகாரிக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும் என்று பகல் முழுக்க நினைப்பேன். பிறகு, எடுத்தால் அண்ணையின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடுமோ என்று நினைப்பேன். பிறகு மகளின் விலாவைத் தொட்டுப் பார்ப்பேன்.

பகலில் அவளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சூடான இடம் தேடிப் போனேன். நூலகத்தில் அவள் கத்தினாள். ஆகவே காசு போட்டு உடுப்புத் தோய்க்கும் கடை. உலர்த்தும் இயந்திரங்களுக்கு முன்னால் உள்ள நீள வாங்கில் குந்தியிருந்தால் முகத்தில் சூடு அடிக்கும். மகளுக்கு மூச்சு இலகுவாக வரும். கடையைப் பார்க்கும் பெண் ஒருநாள் என் அருகே வந்து, உன் இயந்திரம் எது, முடிந்துவிட்டதா என்று கேட்டாள். சுழன்றுகொண்டிருந்த ஒன்றைக் காட்டினேன். அதற்குள் யாரோ ஒரு ஆணின் பெரிய நீலச் சட்டைகள். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் வந்து அவற்றை எடுத்து மடிக்கத் தொடங்கினார். கடைப்பெண் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், நிலத்தைக் கூட்டப் போனாள். அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த நாள் வீட்டிலிருந்து தோய்த்த உடுப்புகளையே கொண்டுபோய் மறுபடியும் தோய்த்தேன்.

இரண்டு கிழமை முடிய அதிகாரி வந்தார். அண்ணையும் வந்தார். அதிகாரி வருகிறார் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருந்தேன். குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. மகள் கம்பளி உடுப்புக்கு மேல் கம்பளி உடுப்போடு என் இடுப்பில் இருந்தாள். மூச்சு விடும் சத்தம் குசினி முழுக்கக் கேட்டது. அதிகாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் அண்ணையைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது.

“செய்து தருவதாக வாக்குக் கொடுத்தீர்களே.”

அது அண்ணைக்கு நேராகவே விளங்கியது. முகம் கறுத்தது. என்னிடம் திரும்பினார்.

“நான் எப்ப பிள்ளை செய்யிறன் எண்டு சொன்னன்? பாப்பம் எண்டுதானே சொன்னன். நீ அவருக்கு என்னத்தைச் சொல்லி வைச்சிருக்கிறாய்?”

தங்கச்சி பிள்ளையாகிவிட்டது. நீங்கள் நீயாகிவிட்டது. பிறகு அவரே அதிகாரியிடம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், நான் அப்படிச் சொல்லவில்லை, நான் சொன்னது பாப்பம், பாப்பம், என்று கையை விரித்துச் சொன்னார்.

“அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?” என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்வதுதான் என் தொழிலாக இருந்தது. வகுப்பில் எத்தனை தடவை செய்திருக்கிறேன். அன்று குசினியில் நின்று எனக்குக் காது சுட்டது. சரியான பொருளைச் சொன்னால், எங்கள் ஆட்கள் இப்படித்தான், சிரித்துக்கொண்டே கைகுலுக்கி இல்லை என்பார்கள் என்று அவர் நினைப்பார். சொல்லாவிட்டால் அண்ணை வாக்குத் தவறியவர் ஆவார். இரண்டிலும் என் பிள்ளைக்குச் சூடு வருமா என்பது தெரியவில்லை.

“யோசிக்கிறேன் என்று அர்த்தம்,” என்றேன். அவர் காத்திருந்தார். “பெரும்பாலும் முடியாது என்றுதான் அர்த்தம். நான்தான் பிழையாகச் சொல்லிவிட்டேன்.”

“அப்படியானால் இப்போது கேளுங்கள். ஆம், இல்லை, இரண்டில் ஒன்று.”

என்னை விட வயதில் மூத்த, கோயிலில் எல்லோரும் வழிவிடும் ஒரு மனிதரிடம், ஒரு வெள்ளைக்காரருக்கு முன்னால், தமிழில் அப்படிக் கேட்பதற்கு எனக்கு வசனமே வரவில்லை. மகள் இருமினாள். கேட்டேன்.

“அண்ணை, ஓமோ, இல்லையோ?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பொயிலரைப் பார்த்தார்.

“படிச்ச பிள்ளை கேக்கிற கேள்வியே இது?” என்றார். பிறகு குரல் இறங்கியது. “ஏலாது தங்கச்சி. காஸ் லைசென்ஸ் வைச்சிருந்தவன் என்னை விட்டிட்டுப் போட்டான். அந்தக் குழாயில நான் கை வைக்கக் கூடாது. வேற ஆள் பிடிக்கத்தான் ஓடித்திரியிறன். இதை எப்பிடி நான் உங்களிட்டச் சொல்லுறது?”

அதை ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். அதிகாரி கோபிக்கவில்லை. தலையை ஆட்டினார். அவரால் முடியாது என்றால் பட்டியலில் உள்ள வேறு ஆளை உடனே அனுப்பலாம் என்றும், பிள்ளைக்காக இன்றைக்கே இரண்டு மின்சார ஹீட்டர்களைக் கொடுத்தனுப்புவதாகவும் சொன்னார். கதவடியில் நின்று, “முதல் நாளே சொல்லியிருக்கலாமே,” என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் தலை குனிந்து நின்றோம்.

அவர் போனபிறகு அண்ணை தன் சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கினார். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டேன். “வேண்டாம் பிள்ளை,” என்றார். எனக்குத் தெரிந்து, எங்கள் ஆட்களில் ஒருவர் வேண்டாம் என்பதை நேராகச் சொன்னது அன்றுதான்.

புது ஆள் வந்து குழாயைப் பக்கச்சுவருக்கு மாற்றினான். வேலை தேறியது. அட்டையைக் கிழித்தார்கள். வீடு முழுக்கச் சூடு வந்தது. அன்று பின்னேரம் கணவர் உள்ளே வந்ததும் ஜக்கெற்றைக் கழற்றி, நாற்காலியில் போட்டுவிட்டு, “அருமையா இருக்கு,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அந்த மனுசன் பாவம்,” என்றார். அண்ணையின் பெயர் இப்போது கவுன்சில் பட்டியலில் இல்லை என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

கிழக்கு லண்டனில் யாரிடமிருந்தும் ஒளிக்க முடியாது. ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக் கடையில் அண்ணையின் மனைவியைக் கண்டேன். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு முகத்தைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை.

“பிள்ளைக்கு இப்ப சுகமோ?”

“ஓம் அக்கா.”

“வீடு சூடோ?”

“ஓம்.”

“அது போதும்,” என்றார். குத்திச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் குரலை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். முடிவுக்கு வர முடியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நானும் மகளும் தனியே இருக்கும்போது சூட்டைக் குறைத்து வைக்கத் தொடங்கினேன். சிக்கனம் என்று கணவரிடம் சொன்னேன். முழுதாக வைத்தால் ஏதோ இன்னொருவருடையதை எடுத்து அனுபவிப்பதுபோல இருந்தது. ஸ்வெற்றர் போட்டுக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். பிள்ளைக்கும் ஒன்று கூடப் போட்டேன்.

நேர்ஸ் வந்தாள். மகளின் முதுகில் காது வைத்துக் கேட்டாள். பிறகு எழுந்து போய், சுவரோரம் சூடு தரும் றேடியேற்றரில் உள்ளங்கையை வைத்தாள்.

“இது ஏன் ஆறிப்போயிருக்கிறது? மறுபடியும் பழுதா?”

“இல்லை.”

“அப்படியானால் ஏன்?”

எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழும் வரவில்லை. மகளின் நெஞ்சு அந்தச் சத்தத்தைப் போட்டது. பொயிலர் எரியாத நாட்களில் கேட்ட அதே விசில். வேலை செய்யும் பொயிலர் உள்ள வீட்டில், என் வெட்கத்தை நான் அவளுக்குப் போர்த்தியிருந்தேன்.

நேர்ஸ் போனதும் பொயிலரின் குமிழைத் திருப்பி, முழுதாக வைத்தேன். குழாய்களில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மகளுக்கு வியர்த்தது. ஒரு காலுறையை இழுத்துக் கழற்றி எறிந்தாள். மற்றதையும் எறிந்தாள். எடுத்துப் போட்டுவிடக் குனிந்தேன். போடாமல் கையில் வைத்துக்கொண்டு, அவளுடைய வெறுங்காலைப் பார்த்தபடி நிலத்தில் இருந்தேன்.