கரியர் இல்லாத சைக்கிள்

எங்கள் வீட்டுச் சைக்கிளைக் கொடுத்துவிட்டு மாற்றாக ஒரு பழைய ரேஸ் சைக்கிளை அப்பா உருட்டிக்கொண்டு வந்த அன்று, அம்மா முதலில் பார்த்தது அதன் பின்பக்கத்தைத்தான். அங்கே கரியர் இல்லை. மட்கார்ட், ஸ்டாண்ட், மணி, செயின் மூடி என்று ஒரு சைக்கிளுக்கு இருக்கவேண்டிய எதுவும் இல்லை. ஹாண்டில் ஆட்டுக் கொம்பு மாதிரிக் கீழ்நோக்கி வளைந்து கிடந்தது. நிறுத்திவைக்க வழி இல்லாததால் அப்பா அதைக் கிணற்றுக் கட்டோடு சாய்த்துவைத்தார்.

"இதில புள்ளய எங்க ஏத்துற?" என்று அம்மா கேட்டார்.

கேள்வி காதில் விழாதது மாதிரி அப்பா டயரை அமுக்கிப் பார்த்தார். அம்மாவோடு வாதம் வரும்போதெல்லாம் அவர் கையாளும் முறை அதுதான், பெரும்பாலும் அது பலித்ததும் இல்லை.

அப்பா தபால்காரர். காலையிலிருந்து பின்நேரம் வரைக்கும் தபால் கந்தோர்ச் சைக்கிளில் ஆரையம்பதி முழுக்கச் சுற்றுவார். முன்னால் கடிதப் பை தொங்கும், பின்னால் பார்சல்கள் கட்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் வீட்டுச் சைக்கிள் அவருக்காகக் காத்திருக்கும். அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் தேங்காயும் அதில்தான் வந்தன. அம்மா கோயிலுக்குப் போனதும் நான் பள்ளிக்கூடம் போனதும் அதன் கரியரில் இருந்துதான். நாள் முழுக்கச் சைக்கிள் மிதிக்கிற மனிதருக்கு வீட்டிலும் ஒரு சைக்கிள் ஆசை வருமா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேலால் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பழைய கரியர் என்னுடைய இடமாக இருந்தது. என்னைக் கேட்காமல் அதைக் காத்தான்குடிக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்ததில் எனக்கு நல்ல கோபம்.

ஜப்பானிலிருந்து பெரிய பெட்டிகளில் பழைய சாமான்களை இறக்கி விற்கிற கடை அது. மெத்தை, தையல் மெசின், பிள்ளைகளின் தள்ளுவண்டி எல்லாம் வரும். அந்தக் குவியலின் அடியில் இந்தச் சைக்கிளை அப்பா கண்டிருக்கிறார். கண்ட பிறகு பல நாட்கள் அந்த வழியால் போய்ப் பார்த்து வந்திருக்கிறார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அம்மாவுக்கு அது சைக்கிளைவிடப் பெரிய குற்றமாகத் தெரிந்தது.

அப்பா பிறந்த இடம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. அவர் வாலிபராக இருந்தபோது அங்கே சைக்கிள் இல்லாத வீடு இல்லையாம். ஆனால் ரோட்டு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, ரோட்டு நன்றாக இருந்த இடத்தில் இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. எல்லாரும் இறங்கி, உருட்டிக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறவேண்டும். இதை அவர் ஒருமுறை சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் அதைச் சைக்கிளோடு சேர்த்து நினைக்கவில்லை.

திருத்தும் வேலை கிணற்றடியில் தொடங்கியது. சீட் கம்பி சட்டத்தோடு துருவேறி இறுகிப்போயிருந்தது. அதைச் சுற்றி அப்பா ஒவ்வொரு நாளும் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து விட்டார். வேலைக்குப் போகும்போது ஒருமுறை, வந்ததும் ஒருமுறை. நோயாளிக்கு மருந்து கொடுக்கிற ஒழுங்கு அதில் இருந்தது. அம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அப்பா கடையில் தனியாக வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பி நரநரவென்று சத்தம் போட்டுக்கொண்டு திரும்பியபோது அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

துருப்பிடித்த குரோம் பூச்சைத் தேய்க்க, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள் நல்லது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்குச் சிகரெட் பழக்கம் இல்லை. ஆகவே கடிதம் கொடுக்கப் போகிற கடைகளில் வெறும் பெட்டிகளைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தபால்காரர் இந்த வயதில் சிகரெட் பழகிவிட்டார் என்ற செய்தி அவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தது. அம்மா சில நாட்கள் அவருடைய சட்டையை மணந்து பார்த்துவிட்டுத்தான் தோய்த்தார். அப்பாவோ அந்தத் தாளைத் தண்ணீரில் நனைத்து, பொறுமையாகத் தேய்த்து, துருவுக்குக் கீழே இருந்த வெள்ளியை வெளியே கொண்டுவந்தார். அதில் முகம் தெரிந்தது. ஒருநாள் யாரும் இல்லையென்று நினைத்து அம்மாவே அதில் குனிந்து பொட்டைச் சரிசெய்ததை நான் கண்டேன்.

எனக்கும் வேலை இருந்தது. சில்லுக்குள் இருந்து எடுத்த சின்ன உருண்டைக் குண்டுகளைச் சிரட்டையில் போட்டு மண்ணெண்ணெயால் கழுவுவேன். சில்லு கோணலா என்று பார்க்க அப்பா ஒரு ஈர்க்கைச் சட்டத்தில் கட்டி, சைக்கிளைத் தலைகீழாக வைத்துச் சில்லைச் சுற்றுவார். சில்லு எந்த இடத்தில் ஈர்க்கைத் தொடுகிறதோ அந்த இடத்தில் "இஞ்ச" என்று நான் கத்தவேண்டும். அவர் அங்கே கம்பியை இறுக்குவார் அல்லது தளர்த்துவார். நான் மிகவும் உண்மையாக உழைத்தேன். காரணம், வேலை முடிகிற அன்று கடைசியாக ஒரு கரியர் வந்து பூட்டப்படும் என்று நான் நம்பியிருந்தேன். டயர் கொழும்பு பஸ்ஸில் வந்தது, பிரேக் கட்டை வந்தது, செயின் வந்தது. ஒவ்வொரு பார்சலையும் கரியர்தான் என்று நினைத்துப் பிரித்தேன்.

முடிந்த அன்று அப்பா பழைய நீலப் பெயின்ட்டின் மேல் மெழுகு தேய்த்துத் துடைத்தார். அங்கங்கே பெயின்ட் உரிந்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

"கரியர் எங்கப்பா?"

"இதுக்குக் கரியர் இல்ல மகள். இதிட குழாய் மெல்லிசு. ஒண்டையும் பூட்டக்கூடா."

நான் அழுதேன். சைக்கிளைக் காலால் உதைத்தேன் என்று அம்மா சொல்வார். எனக்கு அது நினைவில்லை, ஆனால் உதைத்திருக்கக்கூடிய பிள்ளைதான் நான்.

அதன் பிறகு அப்பா பின்நேரங்களில் தேநீர் குடித்துவிட்டு வெளிக்கிட்டுப் போவார். குனிந்து, கைகளை அந்தக் கொம்பின் கீழ்ப்பகுதியில் பிடித்து, மண்முனைப் பாலம் வரைக்கும். அங்கே முன்பு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றித் தண்ணீருக்கு மேலால் இழுத்துப்போகும் பாதை என்ற மிதவைதான் இருந்தது. பாலம் வந்தபோது அதோடு வாவிக்கு நடுவால் நேரான புது ரோட்டும் வந்தது. அப்பா அதில் போய், திரும்பி, வியர்த்துக் களைத்து வருவார். ஒன்றும் கொண்டுவரமாட்டார். அம்மாவுக்குப் பொறுக்கமுடியாமல் இருந்தது அதுதான். அம்மா அரிசிக்கும் காஸுக்கும் ஓட்டோ பிடித்தார், நான் நடந்து பள்ளிக்கூடம் போனேன். "வெறுங்கையோட போய் வெறுங்கையோட வாற மனிசன்" என்று அம்மா கறிச்சட்டிக்குச் சொல்லுவார்.  அந்த நாட்களில் அப்பா இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சீக்கை அடித்துக்கொண்டு, அதாவது விசில் அடித்துக்கொண்டு, பாத்திரம் கழுவினார்.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த வீட்டைப் பெண்ணின் தகப்பன் கட்டுவார், இல்லாவிட்டால் அண்ணன் கட்டுவார். எங்கள் வீட்டைக் கட்டியவர் அம்மாவின் அண்ணன். தங்கைக்கு வீடு கட்டி முடித்த பிறகுதான் அவர் தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தார். அவருக்கு வெல்டிங் கடை இருந்தது. எங்கள் கேற்றும் யன்னல் கிறில்லும் கிணற்றுக் கப்பி தொங்கும் கம்பியும் அவருடைய கையால் ஆனவை. அப்பாவை அவர் ஒருபோதும் குறைவாகப் பேசியதில்லை. அப்படிப்பட்ட நல்ல மனிதரிடம் ஒன்றை மறுத்துப் பேசுவது மிகவும் கஷ்டம்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பு மாமா வந்து, வருஷத்துக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டார். சட்டை, வளையல், பொம்மை என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

"அப்பாட சைக்கிளுக்குக் கரியர்" என்றேன்.

அதைக் கேட்டதில் எனக்கு இன்றுவரை வெட்கமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைவிட நியாயமான ஆசை இருக்கமுடியாது. மாமா சைக்கிளைப் போய்ப் பார்த்தார். உரிந்த பெயின்ட்டைப் பார்த்தார். தங்கையின் வீட்டில், வருஷம் வருகிற நேரத்தில், இப்படி ஒரு வாகனம் சுவரில் சாய்ந்து நிற்பது அவருக்குத் தன் மானத்தில் கைவைத்த மாதிரி இருந்திருக்கவேண்டும். "மச்சானுக்கு நேரமில்ல போல. நான் செஞ்சு குடுக்கன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அதைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அம்மா தடுக்கவில்லை. அவர் சந்தோஷமாக அதன் பின்சில்லைத் தூக்கிக் கொடுத்தார்.

வருஷத்துக்கு முதல்நாள் பின்நேரம் சைக்கிள் வந்தது. முழுவதும் பச்சை. எங்கள் கேற்றுக்கு வாங்கிய அதே பச்சை, வாளியில் மிஞ்சியிருந்தது. இரும்புக் கம்பியால் அகலமான ஒரு கரியர், இரட்டைக் கால் ஸ்டாண்ட், இரண்டு மட்கார்ட், ஒரு மணி. எல்லாவற்றையும் மாமா சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் பிடித்திருந்தார், கழன்று விழாமல் இருக்க.

அப்பா கந்தோரிலிருந்து வந்தபோது நாங்கள் மூன்று பேரும் சைக்கிளைச் சுற்றி நின்றோம். அவர் தபால் பையைத் தோளிலிருந்து இறக்காமலே அதை ஒருமுறை சுற்றிவந்தார். பின்பக்கம் குந்தியிருந்து, வெல்டிங் பிடித்த இடங்களைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மெல்லிய குழாயில் அந்த நெருப்புப் பட்டால் இரும்பு கெட்டுவிடும், பிறகு யாராலும் அதைப் பழையபடி ஆக்கமுடியாது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. மாமாவுக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் அவர் பழகியது தடித்த கேற்றுக் குழாய்.

"ரெண்டு மூட நெல்லு ஏத்தினாலும் அசையாது மச்சான்" என்றார் மாமா.

"ஓம். நல்ல உறுதியா இரிக்கு" என்றார் அப்பா.

"ஹாண்டில மாத்த நேரம் கிடைக்கல்ல. வருஷம் முடியட்டும், நேர் ஹாண்டில் ஒண்டு போட்டுத் தாறன்."

அப்பா எழும்பி நின்றார். "ஹாண்டில் கிடக்கட்டும் மச்சான்" என்றார். குரல் மிகவும் மெதுவாக இருந்தது. மாமா தலையாட்டினார். பிறகு அம்மா எல்லாருக்கும் பலகாரம் கொண்டுவந்தார்.

மறுநாள் தலையில் மூலிகை மருத்துநீர் வைத்துக் குளித்து, புது உடுப்பு உடுத்து, பெரியவர்களிடம் கைவிசேடக் காசு வாங்கி முடிந்ததும், படுவான்கரையில் இருந்த மாமி வீட்டுக்கு, அப்பாவின் அக்காவிடம், போகவேண்டியிருந்தது. அம்மா ஒரு துவாயை மடித்துக் கரியரில் கட்டிவிட்டார். நான் ஏறி இருந்தேன். எனக்கு உலகம் மறுபடி ஒழுங்குக்கு வந்துவிட்டது. வழி முழுக்க மணியை அடிக்கச் சொன்னேன், அப்பா அடித்தார். மாமி வீட்டில் சாப்பிட்டோம், எல்லாரும் சைக்கிளைப் பார்த்துப் புதுசா என்று கேட்டார்கள். அப்பா ஓம் என்றார்.

திரும்பி வரும்போது வெயில் இறங்கிவிட்டது. பாலத்துக்குப் போகும் நேர் ரோட்டின் தொடக்கத்தில் அப்பா சைக்கிளை நிறுத்தி என்னை இறக்கினார். வாவிக் கரையில் இரண்டு பெண்கள் தூண்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். "இவங்களோட கொஞ்சம் நில்லு மகள். இப்ப வாறன்" என்றார். அவர்களிடமும் ஏதோ சொன்னார்.

பிறகு ஏறி, குனிந்து, கைகளைக் கீழ்க் கொம்பில் பிடித்து மிதிக்கத் தொடங்கினார். அப்படி மிதித்து நான் பார்த்ததில்லை. மட்கார்ட் கடகடவென்று அடித்தது. துவாய் அவிழ்ந்து பறந்து ரோட்டோரம் விழுந்தது, அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சைச் சைக்கிளும் புது வேட்டியும் சின்னதாகிக்கொண்டே போய்ப் பாலத்தின் அந்தத் தலைப்பில் ஒரு புள்ளியாகி, திரும்பி, மறுபடி பெரிதாகி வந்தன. தூண்டில் போட்ட பெண்களில் ஒருவர், "உங்கட அப்பாக்கு என்னகா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

அப்பா வந்து நின்றபோது மூச்சு இரைத்தது. வரும் வழியில் துவாயை எடுத்து வந்திருந்தார். அதை மடித்துக் கரியரில் கட்டினார். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"வேற என்னப்பா உழுந்திட்டு?" என்று கேட்டேன்.

அவர் துவாயின் முடிச்சை இன்னொருமுறை இறுக்கினார்.

"ஒண்டுமில்ல மகள். ஏறு."

நான் அதை நம்பவில்லை. ஒன்றும் இல்லாததற்கு யாரும் அவ்வளவு வேகமாகப் போகமாட்டார்கள். அவர் எதையோ வழியில் தொலைத்துவிட்டு, அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் மறைக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். அப்பா இப்போது மெதுவாக மிதித்தார். நான் அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அது என் கண்ணில் பட்டால் குதித்து எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று, பாலம் முடியும்வரைக்கும் ரோட்டின் இரண்டு ஓரத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தேன்.